புது மாப்பிள்ளை கடையில் சாப்பிட்டார்

முன்பெல்லாம் எங்கள் ஊரில் கல்யாணமான ஒரு ஆண் காலைச் சாப்பாட்டைக் கடையில் சாப்பிட்டால், அவர் வீட்டு அடுப்பைப் பற்றி நான்கு பேர் கதைப்பார்கள். மனைவிக்குச் சுகமில்லையோ, இல்லை இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டதோ என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிப்பார்கள். இன்று அப்படியெல்லாம் இல்லை. பெருநாள் முடிந்த மறுநாள் கல்முனைப் பிரதான வீதியில் கலர் பல்பு எரியும் எந்தக் கடையிலும் இடம் கிடைப்பதில்லை. குடும்பங்களுக்கென்று தடுத்த அறை, குளிரூட்டி, படம் போட்ட மெனு எல்லாம் வந்துவிட்டன. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது ஆண்களுக்கும் பிரயாணிகளுக்கும் உரியது. எங்களுக்கு அது பார்சலாகத்தான் வரும், அதுவும் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் மட்டும். கொத்து ரொட்டி வாசம் பட்டதும் "ஆருக்கு வருத்தம்?" என்று நான் கேட்பேனாம். அதைச் சொல்லி இப்போதும் வீட்டில் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்ட காலத்தில்தான் எங்கள் வீட்டுப் புது மாப்பிள்ளை நாள் தவறாமல் காலையில் கடையில் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்து சாப்பிட்டது நான்.

மாப்பிள்ளை என்றால் என் சாச்சியின் கணவர். சாச்சி உம்மாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் சீக்கிரமே மௌத்தாகிவிட்டதால் சாச்சியை உம்மாதான் வளர்த்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் வீடு மாறுவது ஆண்தான். பெண் பிறந்த வளவிலேயே இருப்பாள், மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். ஆகவே கல்முனைக்குடியில் எங்கள் வளவுக்குள்ளேயே சாச்சிக்கு ஒரு சின்ன வீடு கட்டப்பட்டது. சம்மாந்துறையிலிருந்து சாச்சா ஒரு பெட்டியோடும் ஒரு மோட்டார் சைக்கிளோடும் வந்து சேர்ந்தார். ஆள் நல்ல உயரம். யாராவது பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். எங்கள் வளவில் எப்போதும் யாராவது அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வந்த மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போடுவது பெண் வீட்டாருக்கு ஒரு பரீட்சை. முதல் மாதம் முழுக்க அடுப்பு அணையாது. அந்த மாதத்தில் மாப்பிள்ளை தன் உம்மா வீட்டில் போய்க் கை நனைக்கவும் கூடாது. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதிக் கிடக்கவில்லைதான். ஆனால் போய்ச் சாப்பிட்டுவிட்டால், பெண் வீட்டில் அவரைப் பட்டினி போட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அதற்குப் பிறகு பெண் எவ்வளவு நல்லவளாக இருந்தும் பிரயோசனமில்லை.

உம்மா அந்தப் பரீட்சைக்கு உயிரைக் கொடுத்து உழைத்தார். பராட்டா, கோழி, ஈரல் பொரியல், முட்டை ரொட்டி, வட்டிலப்பம் என்று காலையிலேயே பாய் நிறைந்துவிடும். முன்னால் வந்து பரிமாறுவது முறையில்லை என்பதால் உம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார். இரண்டு பக்கத்துக்கும் தூது போவது என் வேலை.

"மகள், சாச்சாக்கு இன்னொரு பராட்டா வைக்கச் சொல்லு."

"போதும் எண்டு சொல்லு மகள். வயிறு நிறைஞ்சிட்டு."

நிறைந்திருக்கும் என்று உம்மா எப்படி நம்புவார்? சாச்சா தின்றது அரைப் பராட்டா. கோழி வைத்தபடி இருந்தது. உம்மா உப்பைப் பார்த்தார், உறைப்பைப் பார்த்தார், எண்ணெயை மாற்றினார். எண்ணெய் மாறியும் பராட்டா அரையிலேயே நின்றது. ஒரு நாள் சமையலறையில் சாச்சி தேங்காயைத் துருவிக்கொண்டே அழுததை நான் கண்டேன்.

"அவருக்கு என்னப் புடிக்கல்ல போல ராத்தா. புடிக்காத வீட்டுலதானே சோறு இறங்காது."

"விசர்க் கதை கதைக்காத. மாப்பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிரிக்கி" என்றார் உம்மா. அன்றே பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். சாச்சா மறுபேச்சில்லாமல் அதையும் குடித்தார்.

சாச்சாவின் பசி எங்கே தீர்ந்தது என்பது அந்த வளவில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை ஒரு ரகசியம் என்று நான் நினைக்கவே இல்லை. பாடசாலை விடுமுறை அப்போது. விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்ததும் சாச்சா, "வயலப் பார்த்திட்டு வாறன்" என்று புறப்படுவார். அவர்களுக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல் இருந்தது, தடுக்க முடியாது. போகிறவர் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வர வேண்டுமே என்று உம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். என்னையும் கூட அனுப்பினார். பிள்ளைக்குப் பசித்தால் மனுசன் தானாகத் திரும்பி வருவார் என்பது கணக்கு. கணக்கு சரிதான், எனக்குப் பசிக்கவில்லை என்பதுதான் பிழைத்துப் போனது.

மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கியில் என்னை உட்கார வைத்துக்கொண்டு, காரைதீவுச் சந்தியில் திரும்பி, இரண்டு பக்கமும் பச்சை வயல் போகும் அந்த வீதியில் சாச்சா மெதுவாக ஓட்டுவார். அப்போது மட்டும் வாய்க்குள் ஏதோ பாடுவார். சம்மாந்துறையின் முதல் வீடுகள் தொடங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கடை. முன்னால் ஆட்கள் இருக்க இரண்டு மர வாங்குகள், உள்ளே அடுப்படி, இடையில் பழைய சாரத்தைக் கிழித்துத் தைத்த ஒரு திரை. பலகையில் பெயர்கூட இல்லை. சாச்சா எப்போதும் வலது பக்க வாங்கின் ஓரத்தில்தான் இருப்பார். அங்கே வேறு யாராவது இருந்தால் அவர் எழும்பும் வரை காத்து நிற்பார்.

கேட்காமலே தட்டு வரும். சிவப்பரிசிப் பிட்டு, ஆவி பறக்க. எருமைத் தயிர், சீனி, நசுக்கிய வாழைப்பழம். உறைப்புக் கேட்பவருக்கு மாசிச் சம்பல். சாச்சா அதைத் தின்ற வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். அரைப் பராட்டாவோடு மல்லுக்கட்டும் அந்த மனிதர் மூன்று குழல் பிட்டை ஒரு சொல் பேசாமல் முடிப்பார். தட்டு காலியாகும் நேரத்தில் திரை விலகி ஒரு கை மட்டும் வெளியே வந்து இன்னொரு குழல் பிட்டைக் கடைக்காரரிடம் நீட்டும். இவ்வளவு தாராளமான கடை கல்முனையில் ஒன்றுகூட இல்லையே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது என் சட்டை. மாரி காலத்தில் காலையில் தயிர் தின்றால் சளி பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் தயிர்ச் சட்டியே வராது. என் நெஞ்சில் காய்ந்து கிடந்த தயிரை உம்மா நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார்.

"எங்க தின்ன நீ?"

சொன்னேன். உம்மாவுக்கு முன்னால் பொய் சொல்லும் வயது எனக்கு இன்னும் வந்திருக்கவில்லை. எந்தக் கடை, எந்த இடம், எத்தனை குழல் என்று எல்லாவற்றையும் ஆசையோடு சொன்னேன். உம்மா அப்படியே குந்திவிட்டார்.

"யா அல்லாஹ், அந்த ஒழுங்கையிலதானே மாப்பிள்ளைட உம்மா இரிக்கிறாங்க! வீட்டு வாசலுக்கு முன்னால வந்து மகன் கடையில தின்னுறார் எண்டு அவங்க காதுல விழுந்தா, என்ட தங்கச்சிட கதி என்ன?"

அதுதான் பயம். தாய் அறிவதற்கு முன்னால் மகனை அந்தக் கடையிலிருந்து எழுப்பிவிட வேண்டும். தானே நேரில் போவது என்று உம்மா முடிவு செய்தார். வாப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, "போகாதீங்க புள்ள. மனிசன் ஒரு வாய் பிட்டு தின்னத்தானே போறான்" என்றார். வாப்பாவும் மருதமுனையிலிருந்து ஒரு பெட்டியோடு இந்த வளவுக்கு வந்தவர்தான்.

"ஒங்களுக்கு ஒண்டும் விளங்காது" என்றார் உம்மா. வாப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சாச்சாவைத் தனியே அனுப்பினார்கள். அவர் போன கொஞ்ச நேரத்தில் உம்மாவும் சாச்சியும் நானும் ஒரு ஆட்டோவில் ஏறினோம். உம்மா வழி முழுக்க என்ன பேச வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். சாச்சி முந்தானையைத் தலையில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் இறங்கும்போது சாச்சா அதே வாங்கில், அதே ஓரத்தில், வாய் நிறையப் பிட்டோடு இருந்தார். எங்களைக் கண்டதும் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கடைக்காரர்தான் பதறிப்போனார். அவர் கடைக்கு அதுவரை பெண்கள் வந்ததே இல்லை. ஆண்கள் இருக்கும் வாங்கில் அவர்களை இருக்கச் சொல்ல முடியுமா?

"பொம்புளையள் வெளியில நிக்க வேணாம், உள்ளுக்கு வாங்க, உள்ளுக்கு வாங்க" என்று சொல்லித் திரையைத் தூக்கிப் பிடித்தார். பிடித்த பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் வெளிறிவிட்டது.

"காக்கா, வேணாம்" என்று கடைக்காரரைத் தடுக்கச் சாச்சா எழும்பினார். அதற்குள் உம்மா உள்ளே போய்விட்டார்.

அடுப்புக்கு முன்னால் ஒரு பலகையில் உட்கார்ந்து பிட்டு அவித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். கல்யாண வீட்டில் பட்டுச் சேலையோடு பார்த்த முகம். எனக்கு அடையாளம் தெரிய நேரமெடுத்தது, உம்மாவுக்கு எடுக்கவில்லை.

"மாமி!"

சாச்சாவின் உம்மா எழும்பவே இல்லை. மாப் படிந்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"கோவிச்சிடாதீங்க மகள். ஒங்கட வீட்டுச் சாப்பாட்டப் பத்தி அவர் ஒரு குறையும் கதைக்கல்ல. எல்லாம் என்னாலதான்."

மாமி அடுப்பிலிருந்த குழலை இறக்கி வைத்தார்.

"எனக்கு அல்லாஹ் ஆம்புளப் புள்ளையளத்தான் தந்தான். எல்லாரும் கல்யாணம் முடிச்சிப் போயிட்டாங்க, இவர்தான் கடைசி. இவர் போன மறுநாளும் எழும்பிப் பிட்டு அவிச்சன். ஒராளுக்கு எவ்வளவு மா குழைக்கிற எண்டு எனக்குத் தெரியல்ல மகள். குழைச்சத என்ன செய்யிற? கடைக்குக் குடுத்தன், பிறகு இங்கயே வந்து அவிக்கத் தொடங்கினன். அத அவர் எப்படியோ கேள்விப்பட்டிட்டார். என்ட வீட்டுக்கு வந்தா ஒங்களுக்குக் குறை. கடைக்கு வந்தா ஆருக்கென்ன எண்டு நெனச்சிட்டம்."

நான் மாமியின் பலகைக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். அங்கிருந்து பார்த்தால் திரையின் ஒரு கிழிசல் வழியே வெளியே தெரிந்தது. முழுக் கடையும் தெரியவில்லை. வலது பக்க வாங்கின் ஓரமும், அதன் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்ற சாச்சாவும் மட்டும்தான்.

உம்மா நிலத்தில் அமர்ந்தார். ஒரு துண்டுப் பிட்டை எடுத்து வாயில் போட்டுக் கன நேரம் மென்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மகள், சாச்சாக்கிட்டப் போய்ச் சொல்லு. பிட்டு ஆறப் போகுது, இருந்து தின்னட்டும்."

நான் போய்ச் சொன்னேன். சாச்சா உட்கார்ந்தார், ஆனால் உடனே தின்னவில்லை. நான் திரும்பி வந்தபோது சாச்சி பலகைக்குப் பக்கத்தில் இருந்து குழலில் மா நிரப்பிக்கொண்டிருந்தார். மாமி அவர் கையைப் பிடித்து, இவ்வளவு அமத்தக் கூடாது புள்ள என்று காட்டிக்கொடுத்தார். மூன்று பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே குழப்பம். பிடிபட்டவர் சாச்சா, அவர் அழவில்லை. சண்டை பிடிக்க வந்தவர் உம்மா, அவர் சண்டை பிடிக்கவில்லை. சாச்சிக்காவது சந்தோஷம் இருக்க வேண்டும், சாச்சாவுக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை என்று தெரிந்துவிட்டதே. திரும்பி வரும் வழியில், மாமியின் பிட்டு உம்மாவின் பிட்டைவிட நன்றாக இருப்பதால்தான் உம்மா அழுதார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, "ஒங்கட பிட்டும் பரவாயில்ல உம்மா" என்று ஆறுதல் சொன்னேன். உம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த மாதம் முடியும்வரை சாச்சா வயல் பார்க்கப் போவதை யாரும் தடுக்கவில்லை. ஓதிய தண்ணீரும் நின்றது. மாப்பிள்ளை ஏன் காலையில் குறைவாகச் சாப்பிடுகிறார் என்று அயலில் யாராவது கேட்டால், "அவர்ர வயிறு சின்ன வயிறு" என்று உம்மா கூசாமல் சொல்வார்.

அப்போது பிறந்தும் இராத என் தம்பிக்குச் சென்ற வருடம் கல்யாணம் நடந்தது. பெண் அக்கரைப்பற்று. நல்ல குடும்பம், நல்ல பிள்ளை, கல் வீடு. பெட்டியோடு அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலை நான் சமையலறைக்குப் போனபோது, அவன் விரும்பித் தின்னும் இடியப்பம் பெரிய தட்டு நிறைய அவித்து வைக்கப்பட்டிருந்தது. எங்களில் யாருக்கும் அவ்வளவு தேவையில்லை. உம்மா அதன் முன்னால் சும்மா இருந்தார்.

"மகள், அக்கரைப்பற்றுல காலச் சாப்பாடு குடுக்கிற நல்ல கடை ஒண்டும் இரிக்கா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த கடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். சந்தியில் ஒன்று, மார்க்கெட்டுக்கு எதிரில் ஒன்று, புதிதாகக் கண்ணாடி போட்டுத் திறந்த ஒன்று. உம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அதுல எந்தக் கடையில மகள், உள்ளுக்கு ஆக்கிறதுக்குப் பொம்புளையளச் சேர்ப்பாங்க?"