எண்ணெய் கசிந்த ஜீப்பும் ஜெயராணி அக்காவும்

தறிச் சத்தத்தில் போனில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து திரும்பக் கூப்பிட்டேன். "அக்கா போயிட்டாவ ராசு. காலையில காப்பி குடிச்சிட்டு உக்காந்திருந்தாவ, அப்படியே சாஞ்சிட்டாவ" என்றார் தேவசகாயம் அண்ணாச்சி, ஜெயராணி அக்காவின் உடன்பிறந்த தம்பி. அழுகைக்கு நடுவே இன்னொன்றும் சொன்னார்: "அந்த ஜீப்ப வச்சு இனி என்ன செய்ய? எடைக்குப் போட்டுர வேண்டியதுதான்." துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

ராஜபாளையத்தில் உங்களில் பாதிப் பேருக்கு அவர் ஊசி போட்டிருப்பார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றதும், பழைய ஜீப் ஒன்றை வாங்கி, வாரந்தோறும் புதன்கிழமை செண்பகத்தோப்புக்கு மேலே உள்ள மலைக் குடியிருப்புக்கு மருந்து கொண்டுபோனார். கர்ப்பிணிகளுக்கு வலி கண்டால் அந்தக் கல்லுப் பாதையில் இறக்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அதே ஜீப்தான். வேறு வண்டி அங்கே ஏறாது. பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் நானும் தொற்றிக்கொள்வேன். சொந்தத் தறிக்காரன் லீவு போட்டால் யார் கேட்பது?

ஒருமுறை பின்சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தது. அச்சு முனையில் எண்ணெயைத் தடுத்து நிற்கும் சீல் தேய்ந்துபோயிருந்தது. நான் நெய்வது பேண்டேஜ் துணி. அவர் ஆயுசெல்லாம் போட்டது கட்டு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் வேறென்ன வைத்தியம் தோன்றும்? துணியைச் சுருட்டி, கசிகிற இடத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு மலையேறினோம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துப் போனது. கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து மேட்டில் உரசி, எப்படியோ நிறுத்தினார். துணி பிரேக் கட்டைக்குள் போய்ச் சிக்கியிருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சீழ உள்ள வச்சுக்கிட்டு மேல கட்டு போட்டிருக்கோம். எனக்கே புத்தியில்ல பாரு."

மெக்கானிக் அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். அக்கா கேட்பாரா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, அச்சுத் தண்டை வெளியே இழுத்து, பழைய சீலை நெம்பி எடுத்தோம். புதுச் சீல் ஒரு பக்கம் சாயாதபடி, மரக்கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி அமர்த்தினார். அப்போதுதான் குடியிருப்பிலிருந்து போன் வந்தது. வள்ளி என்ற பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது, தலைப்பிரசவம்.

"அக்கா, பழைய பிரேக் கட்டையவே தொடச்சு மாட்டிட்டுக் கெளம்புவோம்" என்றேன். எண்ணெய் ஊறிய கட்டையை எடுத்து என் மூக்கருகே நீட்டினார்.

"இது பிடிக்குமாலே? போகையில நாம ரெண்டு பேரு. வரையில அவளும் வயித்துப் பிள்ளையும். புதுசு வாங்கிட்டு வா. என்னைய வையணும்னா வந்து வையி, இப்பம் போ."

மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன். கடை பூட்டியிருந்தது, கடைக்காரரை வீட்டுச் சோற்றிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தேன். நான் திரும்பும்வரை அக்கா போனில் வள்ளியின் மாமியாரிடம் வலி எப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டும், இடது பக்கம் படுக்க வைக்கச் சொல்லிக்கொண்டும் இருந்தார். புதுக் கட்டையை மாட்டிய பிறகும் விடவில்லை. தெருவில் ஓட்டி, பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்து, வண்டி நேராக நின்ற பிறகுதான் "ஏறு" என்றார். மலையிறங்கும்போது பின்னால் வள்ளி அலறிய அலறலுக்கு அவர் கொஞ்சமும் வேகம் கூட்டவில்லை. பிரேக் பிடித்த இடத்தில் வண்டி நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளை சுகமாகப் பிறந்தது. நான் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அழுதேன். "ஏலே, பெத்தவளே அழுகல" என்று சிரித்தார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் ஜீப் சாவியைக் கேட்டேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்குப் பிரசவம் பாக்கத் தெரியுமாடே?"

"தெரியாது அண்ணாச்சி. கீழ கொண்டாந்து சேக்கத் தெரியும்."

மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அக்காவை அறிந்தவர்களே, அவர் இடத்தை என்னால் நிரப்ப முடியாது. எந்த மருந்து எதற்கு என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீடுகளில் நர்ஸ் யாராவது இருந்தால் என்னோடு அனுப்புங்கள். அவருடைய பிடிவாதத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். இப்போது மறுபக்கச் சக்கரத்திலும் எண்ணெய் கசிகிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றியாயிற்று. கையெல்லாம் எண்ணெயாக இருக்கும்போது மேலேயிருந்து ஒரு போன். நிறைமாதக்காரி ஒருத்தி, பெயர்கூட எனக்குத் தெரியாது. சிஸ்டர் செத்துப்போனது அவளுக்குத் தெரிந்திருந்தது. இனி வண்டி வருமா என்று மட்டும் கேட்டாள்.

"புதங்கிழம வாரேன் தாயி" என்றேன்.