சனிக்கிழமை கழற்றி அடுக்கும் வேலைமேஜைகள்

கோயம்புத்தூரில் என் மரப்பட்டறையில் இருக்கும் ஐந்து வேலைமேஜைகளையும் தரையோடு போல்ட்டுப் போட்டு இறுக்கி வைத்திருந்தேன். மில்லுக்கு வருஷம் பூராவும் ஒரே மாதிரி நூல் சுற்றும் மரக் கட்டை கடைந்து கொடுத்த வரையில் அது சௌகரியமாகத்தான் இருந்தது. மில்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்ட பிறகுதான் வினை வந்தது. சுதந்திரம் வந்தபின் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். ஒரு வாரம் கரும்பலகைத் தாங்கி நாற்பது கேட்பார்கள், அடுத்த வாரம் வேறு யாராவது வந்து தேனீ வளர்க்கும் தேன்பெட்டி அறுபது வேண்டும் என்பார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் போல்ட்டைக் கழற்றி, மேஜையை நகர்த்தி, உயரம் போதாமல் கட்டை வைத்து, மறுபடி இறுக்குவதற்குள் இரண்டு நாள் போய்விடும். அந்த இரண்டு நாளும் ஏழு பேர் பீடியும் பேச்சுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படியே போனால் தை பிறந்தபின் ஐந்து பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்த வேண்டிய இரண்டு பேர் யார் என்பதையும் மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். கட்டை கடைந்துகொண்டிருந்த பழனிசாமியும் நாச்சிமுத்துவும்தான் அவர்கள். வெளியே மூச்சு விடவில்லை. அந்தச் சமயத்தில்தான் மர வியாபாரி ஒருவர், மைசூரில் ஒரு பட்டறையில் மேஜையை நினைத்தபடி கழற்றி மாட்டுகிறார்கள், அரைமணியில் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறிவிடுகிறார்கள் என்று சொன்னார். கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்க்கலாம் என்று கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

பழனிசாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினைந்து வருஷமாக ஒரே மேஜையில் நிற்பவர், மரத்தின் சுபாவம் தெரிந்தவர். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேலையை விட்டு அனுப்புவதற்கு முன் மைசூரைக் காட்டிவிட்டால் என் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

சிறு பட்டறை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுக் கிளம்பக்கூடும் என்பதால் வழியை விவரமாகவே சொல்கிறேன். காலை ஆறு மணிக்குக் கோயம்புத்தூரில் பஸ். சத்தியமங்கலம் நாற்பத்திரண்டு மைல், எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இட்லி சாப்பிட்டுக்கொள்ளுங்கள், மேலே ஒன்றும் கிடைக்காது. பிறகு திம்பம் மலை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் பாதி திரும்பி, நிறுத்தி, பின்னால் வந்து, மறுபடி திரும்புவார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த நான் வெளியே பார்ப்பதை மூன்றாவது வளைவிலேயே விட்டுவிட்டேன்.

"ஏனுங்க, யானை கீனை வருமுங்களா?" என்று பழனிசாமி டிரைவரைக் கேட்டார்.

"வந்தா நாம நிக்கோணும். அது போனா நாம போகோணும். அவ்வளவுதான்" என்றார் டிரைவர்.

யானை வரவில்லை. ரோட்டில் அதன் சாணம் மட்டும் ஆவி பறக்கக் கிடந்தது. மலைமேல் நல்ல குளிர், போர்வை அவசியம். ஒரு மணிக்குச் சாமராஜநகர். சத்தியமங்கலத்திலிருந்து அது நாற்பத்தொன்பது மைல், பஸ் கட்டணம் முழுவதுக்கும் ஆளுக்கு மூன்று ரூபாய் எட்டணா. அங்கிருந்து மைசூருக்கு முப்பத்தெட்டு மைல் ரயிலில் போனோம். மூன்றாம் வகுப்பு பதினைந்து அணா. இரண்டே முக்காலுக்குக் கிளம்பிய ரயில், நஞ்சன்கூட்டில் ஆற அமர நின்று, ஐந்தரைக்கு மைசூரில் விட்டது. ஸ்டேஷனுக்கு எதிரில் ஒரு விடுதியில் இரண்டு கட்டில் அறை நாளுக்கு ஒன்றரை ரூபாய். மசால் தோசை மூன்றணா. வெண்ணெய் மேலே தனியாக உருகிக்கொண்டிருந்தது. பழனிசாமி இரண்டு சாப்பிட்டார்.

அரண்மனையைப் பற்றிக் கேட்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தோம், பெரிதாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லஷ்கர் மொகல்லா என்ற பேட்டையில் அந்தப் பட்டறைக்குப் போனோம். பட்டறை என்றா சொன்னேன்? அறுபதடி நீளத்தில் ஓட்டுக் கூரை போட்ட கூடம் அது. கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்கள் ஞாயிறு வழிபாட்டுக்காகக் கட்டிக்கொண்டது. வார நாட்களில் சும்மா கிடந்ததை அருளப்பன் என்பவர் பட்டறைக்குக் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனையோடு கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூடம் கூடமாக இருக்க வேண்டும், ஒரு சீவல் கூடக் கிடக்கக் கூடாது. தரையில் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை. மேஜைகளைக் கழற்றி மாட்டும் யோசனை இப்படித்தான் பிறந்தது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை, பாதிரியாருக்குப் பயந்துதான் என்று அருளப்பனே சிரித்துக்கொண்டு சொன்னார். நாற்பது வயது இருக்கும். நாங்கள் வருவதாக எழுதியிருந்த கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

மேஜை இவ்வளவுதான். நாலடிக்கு இரண்டடிப் பலகை, எல்லாம் ஒரே அளவு. பலகையைத் தாங்க இரண்டு பக்கமும் ஜோடிக் கால்கள். ஒவ்வொரு காலிலும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பதினொரு துளை. ஜோடிக் கால்களுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. மூன்றையும் துளைத்துக்கொண்டு ஓர் இரும்புக் கம்பி போகும், அந்தக் கட்டைமேல் பலகை உட்காரும். கம்பியை மேல் துளையில் போட்டால் நின்றுகொண்டு நுணுக்க வேலை செய்யும் முப்பத்தாறு அங்குல மேஜை. கீழிருந்து எட்டாவது துளை என்றால் இழைப்பதற்கு முப்பது அங்குலம். கீழ்த்துளை பதினாறு அங்குலம், உட்கார்ந்து பெட்டி ஒட்டலாம். பலகைகளை நீளமாகவும் சேர்க்கலாம், சதுரமாகவும் சேர்க்கலாம். எந்தக் காலும் எந்தப் பலகைக்கும் பொருந்தும்.

எங்கள் கண் முன்னாலேயே பள்ளிக்கூடத்துச் சோதனைக்குழாய்த் தாங்கி செய்துகொண்டிருந்த வரிசையைப் பிரித்து ரேடியோப் பெட்டிக்கு மாற்றினார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பதினெட்டு நிமிஷம். யாரும் கத்தவில்லை, யாரும் சும்மா நிற்கவும் இல்லை. எனக்கு ஒரேயடியாக ஆசை வந்துவிட்டது. மதியம் முழுக்க மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து, என் மடக்கு அளவுகோலால் அளந்து, நோட்டில் எழுதினேன். அருளப்பன் இரண்டு தடவை வந்து, "ஏதாச்சும் சொல்லணுமா சார்?" என்று கேட்டார். "வேண்டாம், எல்லாம் புரிந்துவிட்டது" என்றேன். முப்பது வருஷமாகப் பட்டறையில் இருப்பவன் இதைப் போய் இன்னொருவரிடம் கேட்பதா என்ற மிடுக்கு.

மூன்று மணிக்கு ஒரு தேக்குச் சட்டம் வாங்கி, ஒரு கால் செய்து பார்க்கலாம் என்றேன். நான் அளந்து கோடு போட்டேன், பழனிசாமி துளையிட்டார். பிறகு அவர்களுடைய கால் ஒன்றையும் எங்கள் கால் ஒன்றையும் ஜோடி நிறுத்திக் கம்பியைச் செருகினோம். கீழிருந்து ஆறு துளை வரையில் ஒழுங்காகப் போனது. ஏழாவதில் முட்டியது. எட்டாவதில் நுழையவே இல்லை. அதாவது எங்கள் மேஜையில் உட்காரலாம், வேலை செய்ய முடியாது.

அருளப்பனுடைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றிருந்தார்கள். "என்ன பழனிசாமி, கை இப்படிப் பிசகலாமா? பதினைந்து வருஷ அனுபவம் எங்கே போச்சு?" என்றேன்.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கம்பியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

"பேஜார் பண்ணிக்காதீங்க சார், சொல்ப, கொஞ்சம் மெதுவா பாக்கலாம். இப்போ கூடம் காலி பண்ணணும்" என்றார் அருளப்பன். அரைமணியில் மேஜைகள் சுவரோரம் அடுக்காகிவிட்டன. விடுதிக்குத் திரும்பும்போது, நாம் செய்த முடிவு சரிதான், இவருக்குக் கை தளர்ந்துவிட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வழிபாடு. எங்களையும் அழைத்திருந்தார்கள். கூடத்துக்குள் நுழைந்ததும் நான் அசந்துபோனேன். நேற்றைய மேஜைகள்தான் கீழ்த்துளையில் கம்பி போட்டு வரிசை வரிசையாக உட்காரும் பெஞ்சுகளாகியிருந்தன. முன்னால் நான்கு பலகைகள் சேர்ந்து பீடம். அதன்மேல் வெள்ளைத் துணி, சாமந்திப் பூ, ஆறு மெழுகுவத்தி. நேற்று நான் அடியில் தவழ்ந்த பலகையில் ஒரு குடும்பம் குழந்தை குட்டியோடு உட்கார்ந்து தமிழில் பாடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாட்டும் தெரியாது, எப்போது எழுந்து நிற்பது என்றும் தெரியாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து எழுந்தேன். பழனிசாமி மட்டும் கண் கொட்டாமல் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை, மனிதருக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டேகாலுக்குக் கூட்டம் கலைந்தது. அருளப்பனின் தங்கை ரெஜினா பீடத்தைத் துடைக்க வந்தார். பள்ளிக்கூட டீச்சர். பழனிசாமி அவரிடம் போய்க் கைகூப்பினார்.

"அம்மணி, மெழுகுவத்திக்கு அடியில என்னமோ இரும்புத் தகடு இருக்குதுங்களே, அதைக் கொஞ்சம் பாக்கலாமுங்களா?"

"இதா? மரத்துல மெழுகு ஒட்டாம இருக்க வைக்கிறதுங்க. சனிக்கிழமை காலைல வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தேச்சுக் கொண்டுவருவேன். திங்கக்கிழமை மறுபடி அண்ணனுக்கு வேணும்" என்றபடி அவர் மெழுகுவத்திகளை எடுத்து வைத்துத் தகட்டைக் கொடுத்தார்.

இரண்டடி நீளம், மூன்று அங்குல அகலம், கால் அங்குல கனம். நடுவில் நேர்கோட்டில் பதினொரு துளை. பழனிசாமி மடியிலிருந்து கம்பியை எடுத்து ஒவ்வொரு துளையிலும் விட்டுப் பார்த்தார். பிறகு சுவரோரம் சாத்தியிருந்த எங்கள் காலை எடுத்துவந்து தகட்டை அதன்மேல் வைத்தார். முதல் துளையில் சரியாக இருந்தது, போகப் போக விலகிக்கொண்டே போனது.

"பாருங்க மொதலாளி. இவங்க யாரும் அளக்கறதே இல்லீங்க. தகட்டை வெச்சு ஓட்டை போடறாங்க. நாம ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் அடுத்த ஓட்டைக்கு அளந்தோமுங்க. ஒவ்வொண்ணுலயும் மயிரிழை பிசகுனாக்கூட ஏழாவதுக்கு ஆறு மயிரிழை ஆகிப்போச்சுங்க."

நாம் அளந்தோம் என்றார். அளந்தவன் நான். துளையிட்டவர் கை நான் போட்ட கோட்டில் இம்மி விலகவில்லை. அருளப்பனைக் கேட்டேன், "ஏன் ஐயா, இதை நேற்றே சொல்லியிருக்கலாமே?" அவருக்கு ஆச்சரியம். "நீங்க புரிஞ்சிருச்சுன்னு சொன்னீங்களே சார்?" என்றார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் புதுத் தகடு ஒன்றை அருளப்பனுடைய தகட்டோடு வைஸில் சேர்த்துப் பிடித்துத் துளையிட ஆரம்பித்து, பன்னிரண்டரைக்கு முடித்தார்கள். இரும்புக்கு மூன்று ரூபாய் நாலணா வாங்கிக்கொண்டார், கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்தத் தகட்டை வைத்துப் பழனிசாமி ஒரு கால் செய்தார். பதினொரு துளையிலும் கம்பி வழுக்கிக்கொண்டு போனது. அருளப்பனுடைய ஆட்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், ஆனால் பழனிசாமியின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை திரும்பும் வழியில் தகட்டைப் பஸ்மேல் ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை. துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டார். எல்லையில் ஏறிய மதுவிலக்குப் போலீஸ்காரர், இவர் சாராயப் பாட்டில் கடத்துகிறார் என்று நினைத்துத் தட்டிப் பார்த்தார், விரல் வலித்ததுதான் மிச்சம். திம்பம் இறக்கத்தில் என்னால் அடக்க முடியவில்லை.

"சனிக்கிழமை அத்தனை பேர் முன்னாடி உங்களைச் சொல்லிப்போட்டேன். தப்பு என்மேலதான் பழனிசாமி."

"அது கெடக்குதுங்க" என்றார். இரண்டு வளைவு போன பிறகு, "என்னையும் நாச்சிமுத்துவையும் தை மாசம் நிறுத்தறதா இருந்தீங்கன்னு தெரியுமுங்க" என்றார்.

அவர் பக்கம் திரும்பினேன். "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. புதுசா வந்த சரக்கு எதையும் எங்க ரண்டு பேரு மேஜைக்கு நீங்க அனுப்பலீங்களே."

"தெரிஞ்சுமா எங்கூட வந்தீங்க?"

"அதனாலதானுங்க வந்தேன். வேலை போறது எங்களுக்கில்லீங்களா? நாங்கதான நல்லாப் பாக்கோணும்."



புதன்கிழமை காலை பட்டறையைத் திறக்கும்போது அவர் எனக்கு முன்பே வந்து நின்றார். ஸ்பானரை எடுத்துப் பதினைந்து வருஷமாக நின்ற தன் மேஜையின் போல்ட்டுகளை முதலில் கழற்றினார். இப்போது எங்களிடம் பதினான்கு பலகையும் அதற்கு வேண்டிய கால்களும் இருக்கின்றன. கரும்பலகைத் தாங்கியிலிருந்து தேன்பெட்டிக்கு மாற இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. மைசூர்க்காரர்களின் பதினெட்டை இன்னும் எட்டவில்லை. தை பிறந்துவிட்டது, பட்டறையில் ஏழு பேரும் இருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளிக்கிழமை கிளம்பினால்தான் பட்டறையையும் பார்க்கலாம், ஞாயிறு கூடத்தையும் பார்க்கலாம். முன்கூட்டியே கடிதம் போடுங்கள். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகோலை வீட்டிலேயே வைத்துவிட்டு, வாய்விட்டுக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். உங்கள் பட்டறையில் யாரை நிறுத்துவதாக இருக்கிறீர்களோ, அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.