ஹம் என்று மூன்று முறை

நான்காம் வகுப்பில் என்னை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினார்கள். சேர்ந்த புதிதில் இங்கிலீஷ் மிஸ் ஒரு விசித்திரமான வீட்டுப்பாடம் கொடுத்தார். வேகமாகப் போவதற்கும் இரைச்சலோடு சுற்றுவதற்கும் உள்ள சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒவ்வொன்றையும் வெளியே காதால் கேட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்றார். ஜூம், விஸ், டேஷ், ஹம், பஸ், விர்ர். உச்சரிப்பு மறக்காமல் இருக்க நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அதனால் என் நோட்டில் தேனீயின் இரைச்சலும் தர்மபுரிக்குப் போகும் பஸ்ஸும் ஒன்றாகிவிட்டன. விர்ர் நம்முடைய சொல்லாயிற்றே, அதை எப்போது கொண்டுபோனார்கள் என்று கேட்கத் தோன்றியது. மிஸ்ஸிடம் அதையெல்லாம் கேட்க முடியாது.

அப்பா நல்லம்பள்ளியில் மோட்டார் மெக்கானிக். சுற்றுப்பட்ட தோட்டங்களில் கிணற்று மோட்டார் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டுப்பாடத்தில் எங்கள் வீட்டில் அக்கறை காட்டியது அவர் மட்டும்தான். அம்மாவுக்கு, டிவியை அப்பா தெருவுக்கே கேட்கும்படி வைப்பதைப் பற்றிப் புலம்பவே நேரம் சரியாக இருந்தது. அப்பா என்னை எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லையும் வாயால் செய்துகாட்டச் சொன்னார். நான் செய்யச் செய்ய என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். பைபாஸ் சாலையில் போகும்போது, “பின்னாடி என்ன வார்த்த வருது பாப்பா?” என்பார். கார் என்றால் ஜூம். வெளியூர் பஸ் என்றால் விஸ். லாரிக்கு மிஸ் ஒன்றும் கொடுக்கவில்லை என்பதால் நானே ‘ட்ரூம்’ என்று ஒன்றை வைத்துக்கொண்டேன். நான் முதுகில் தட்டிச் சொன்னதும் அப்பா வண்டியை ஓரமாக ஒதுக்குவார். தோட்டத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியதும், “இது எந்த வார்த்த?” என்பார். சீராகச் சுற்றினால் விர்ர். மும்முனைக் கரண்ட்டில் ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டார் திணறி ஹம் என்று முனகும். அப்படியே விட்டால் உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, அப்பா சொல்லும் காயில், எரிந்துவிடும். பரீட்சையில் அந்தச் சொற்களுக்கு எனக்குத்தான் முழு மார்க்.

அந்தச் சனிக்கிழமை போனது ஒரு தக்காளித் தோட்டத்துக்கு. செடிகள் காய் பிடித்த நேரம். நான்கு நாட்களாகத் தண்ணீர் ஏறாமல் இலைகள் துவண்டு கிடந்தன. தோட்டக்காரர் அப்பாவைவிடப் பெரியவர். குழாய் எங்கோ காற்று இழுக்கிறது என்றார் அப்பா. அதைக் கண்டுபிடிக்க மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிணற்றுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். என்னைக் கொட்டகை வாசலில் உட்காரவைத்தார்.

“இப்ப விர்ர்னு ஓடுது இல்ல? வார்த்த மாறுனா ஒரே கத்து கத்து. ஸ்டார்ட்டரத் தொடக் கூடாது. கெணத்துப் பக்கம் வரவே கூடாது. சரியா கண்ணு?”

தோட்டக்காரர் தண்ணீர் திருப்புவதற்காக மண்வெட்டியோடு கடைசிப் பாத்திக்குப் போய்விட்டார். அப்பா படியில் இறங்கினார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் தலையும் தோளும் தெரிந்தன. குழாயின் மேல் குனிந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வார்த்தை மாறியது. மிஸ் சொல்லிக்கொடுத்தது போலவே, உதட்டை மூடிக்கொண்டு முனகும் அதே ஹம். எனக்கு ஒரே சந்தோஷம். எழுந்து நின்று, “அப்பா, ஹம்!” என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. மறுபடி கத்தினேன். மூன்றாவது முறை தொண்டை கீறிக்கொண்டது. அப்போதும் அவர் குனிந்தபடியேதான் இருந்தார். ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது, கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. நான் என்ன செய்வேன்? அவருக்குத் தெரியாததா என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பிறகு புகை. வாய்க்காலில் தண்ணீர் நின்றதைப் பார்த்துத் தோட்டக்காரர் ஓடிவந்தார். அப்பாவும் மேலே ஏறிவந்து ஸ்டார்ட்டரை நிறுத்தினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

“ஏம்ப்பா, காவலுக்கு ஆள வெச்சிட்டுத்தான எறங்குன?” என்றார் தோட்டக்காரர். அழுதுவிடுவார் போலிருந்தது.

அப்பா என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: “பாப்பா கூப்புடலீங்கண்ணா. சின்னப் புள்ள, வெளையாட்டுல மறந்துடுச்சி.”

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் என் மேலே போட்டு.

எரிந்த மோட்டாரைக் கழற்றி ஒரு வண்டியில் கடைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினோம். நான் அவர் இடுப்பைப் பிடிக்காமல் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஜூம் வந்தது, விஸ் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. ஒரு லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு உரசுவது போல் போனது. அப்பா மண்ணில் இறக்கி, தடுமாறி, ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

“ஏம் பாப்பா சொல்லல?”

“சொன்னா மட்டும்? சொல்லவே இல்லன்னுதான சொல்லுவ.”

அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நான் அழுகையோடு, “மூணு வாட்டி கத்துனேன், ஹம் ஹம்னு. நீ குனிஞ்சிக்கினே இருந்த” என்றேன்.

“சத்தமாவா?”

“தொண்ட எரியிற மாதிரி.”

அப்பா கொஞ்சம் தள்ளிப் போனார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். “இப்ப கத்து, பாக்கலாம்” என்றார்.

கத்தினேன். எதிர்ப்புறம் ஆடு ஓட்டிக்கொண்டு போன யாரோ ஒரு பெண் நின்று என்னைப் பார்த்தார். அப்பா திரும்பவில்லை. வேண்டுமென்றே வம்பு செய்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இருந்த பலமெல்லாம் சேர்த்து மறுபடி கத்தினேன். மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பின. சற்று நேரம் கழித்து அவராகவே திரும்பினார்.

“கத்துனியா கண்ணு?”

நான் தலையாட்டினேன். அவர் வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்து, அம்மா முந்தானையால் துடைப்பது மாதிரி என் முகத்தைத் தன் துண்டால் துடைத்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. பொய் சொன்னோமே என்று வெட்கப்படுகிறார் என நினைத்தேன்.

அடுத்த நாள் முழுக்க உட்கார்ந்து காயில் சுற்றினார். மறுநாள் சாயங்காலம் மோட்டாரை மாட்டப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். தோட்டக்காரரிடம், “பாப்பா கூப்புட்டுதான் இருக்குதுங்க. கேக்காதது நான்தான்” என்றார்.

“புள்ள சொன்னா கேக்கணும்ப்பா” என்றார் அவர், ஏதோ என் பேச்சை அப்பா மதிக்கவில்லை என்பது போல. அப்பா திருத்தவில்லை. “ஆமாங்கண்ணா” என்று சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்தார். செடிகள் பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டன.

அன்றே நான் அப்பாவை மன்னித்துவிட்டேன். பொய்யைத் தானே ஒப்புக்கொண்டாரே! அதன் பிறகு கத்த வேண்டாம் என்று என் கையில் ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்தார். வார்த்தை மாறினால் ஆட்டினால் போதும். அதை எனக்குக் கிடைத்த உத்தியோக உயர்வாக எண்ணிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன். நான் கல்லூரியில் இருந்தபோது அம்மா அவரை வற்புறுத்திக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். “எப்போதிலிருந்து?” என்று டாக்டர் கேட்டதற்கு, நான் நாலாவது படித்ததை வைத்து வருஷத்தைக் கணக்கிட்டுச் சொன்னார் அப்பா. காது மந்தமாகிவருவது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது தெரிந்தது அந்தப் புளியமரத்தடியில்தான். முதுகைக் காட்டி நின்றுகொண்டு, நான் இன்னும் கத்தத் தொடங்கவில்லை என்று நினைத்து, என் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.