முட்டிக்கு அடியில் வைத்த தலையணை

தொப்பூர் இறக்கத்தில் லாரி இடித்து என் வீட்டுக்காரருக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. புண் ஆறியதும், இப்படிப்பட்டவர்களை மறுபடி நடக்க வைக்கிற டாக்டரம்மா ஒருத்தரிடம் அனுப்பினார்கள். அந்தம்மா ஊசி போடவில்லை. வீட்டு வாசலில் எத்தனை படி, கக்கூஸ் எப்படி, பஸ்ஸுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டார். இது என்ன வைத்தியமோ என்று எனக்கு ஒரே பயம். முட்டி நேராக நீண்டால்தான் செயற்கைக் கால் பொருந்தும், அடியில் தலையணை வைக்கவே கூடாது என்று சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுத்தார்.

நான் ஆறாவதோடு நின்றவள். அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆனால் அவர் வலியில் முனகுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தலையணையை மடித்து முட்டிக்கு அடியில் வைத்தால் முனகல் நின்றுவிடும். வேணாம் என்றுதான் அவர் சொன்னார். கொஞ்ச நேரம்தானே என்று ஒன்றரை மாசம் வைத்தேன்.

காலுக்கு அளவெடுக்கப் போன அன்று டாக்டரம்மா முட்டியை அழுத்திப் பார்த்தார். நீளவில்லை.

"தலையணை வச்சீங்களா?"

"நான்தாங்க வச்சுக்கிட்டேன்" என்றார் அவர்.

நான் பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றேன். அளவெடுப்பது தள்ளிப்போனது. மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் அவர் பார்த்துவந்த வேலையை இனிமேலும் அவருக்காக யாரும் பிடித்து வைக்கமாட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவர், உனக்கு வாந்தி வரும், ஜன்னல் பக்கம் உட்காரு என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தடவையும் டாக்டரம்மா அவரைத்தான் கடிந்துகொண்டார். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அவரு இல்லைங்க. நான்தான் வச்சேன். தாளைப் படிச்சிட்டுத்தான் வச்சேன்."

"அதை எதுக்கு இப்பச் சொல்ற?" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்றிருந்தேன். என் கையைப் பிடித்து முட்டிக்கு மேலே வைத்தார். "அப்ப தினம் அழுத்துறதும் நீங்கதான்." அழுத்தினேன். அவர் பல்லைக் கடித்தார். கை தானாக எழுந்துவிட்டது.

"எடுக்காதீங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

இப்போது காலையும் சாயந்திரமும் அழுத்துகிறேன். முட்டி கொஞ்சம் நேராகியிருக்கிறது என்கிறார்கள். அழுத்திப் பிடித்து முப்பது எண்ணி முடிக்கிற வரைக்கும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.