கூனிமேட்டுப் பீரோவில் ஒரு அணியின் பாஸ்போர்ட்டுகள்

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை மரக்காணத்துக்குப் போனேன். உப்பளம் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அது பாதிப் பொய். என் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கத்தான் போனேன். இன்னொருத்தி தன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பறக்கப் போகிறாளா என்று துப்பறியவும் போனேன். வழி, கட்டணம், வெயில் எல்லாம் கேட்டு இங்கே வருகிற வாசகர்களுக்கு அவையும் உள்ளே உண்டு. நடுநடுவே என் புலம்பலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஹாக்கி ஆடிச் சம்பாதிக்கிறவள். பெண்கள் லீக் ஒன்றில் தடுப்பாட்டம். இந்தப் பருவம் தொடங்கும் முன் முதலாளிகள் புது ஒப்பந்தத்தை நீட்டினார்கள். ஆட்டத்தில் அடிபட்டால் அன்றைக்கே சம்பளம் நின்றுவிடுமாம். கல் மாதிரி பந்து முழங்காலில் வந்து விழுகிற வேலை இது. அடிபடாமல் ஆட நாங்கள் என்ன கேரம் போர்டா ஆடுகிறோம்? கையெழுத்துப் போட மாட்டோம் என்றோம். உடனே கதவடைப்பு. மைதானத்துக்கும் பூட்டு, சம்பளத்துக்கும் பூட்டு.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு கிளப்புகள் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட ஆரம்பித்தன. "போறவங்க போகட்டும், மிச்சம் இருக்கிறவங்கள வெச்சு லீக்கை நடத்திக்கறோம்" என்று முதலாளிகள் தரப்பில் ஒருவர் சிரித்தாராம். அதைக் கேட்டு எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. போனால் எல்லோரும் போவது, இல்லையென்றால் யாரும் போவதில்லை என்று சத்தியம் செய்தோம். வெறும் சத்தியத்தை நம்புகிற ஜாதி இல்லையே நாங்கள்! அதனால் அணியில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பூட்டுவது என்று முடிவானது.

எங்கே வைப்பது? கோல்கீப்பர் நஸ்ரீன் வீட்டில். கூனிமேட்டில் பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருப்பவர்கள். நஸ்ரீனின் அண்ணன் பதினைந்து வருஷமாக அங்கே. "எங்க வீட்டு பீரோவுல பாஸ்போர்ட் பத்திரமா இருக்கும்பா, எங்களுக்கு அதோட அருமை தெரியும்" என்று அவளே சொன்னாள். எல்லோரும் தலையாட்டினோம். அதைவிடப் பெரிய தப்பை நாங்கள் செய்திருக்க முடியாது. அது பிறகு.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கும் அழைப்பு வந்திருந்தது. ஐரோப்பாவில் ஒரு கிளப். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும், விசாவுக்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும். முடியாது என்று எழுதத்தான் நினைத்தேன். வியாழக்கிழமை எங்கள் அணிப் பெண் ஒருத்தி போன் செய்தாள். "ஜெனி, நஸ்ரீன் டெய்லி மரக்காணம் உப்பளத்துல ஒரு வெள்ளைக்காரன்கூட பிராக்டிஸ் பண்றாளாம். கிளப் ஆளா இருக்கும்." எங்கள் பாஸ்போர்ட்டையெல்லாம் பூட்டி வைத்துவிட்டு இவள் மட்டும் பறப்பாளா? வேலியே பயிரை மேய்வதா?

காலை 5.40க்குத் திருவான்மியூரில் பாண்டிச்சேரி பஸ் பிடித்தேன். ஈசிஆர் வழி பஸ்தானா என்று கேட்டு ஏறுங்கள்; திண்டிவனம் வழிப் பஸ்ஸில் ஏறினால் மரக்காணம் வராது. டிக்கெட் 125 ரூபாய், தூரம் ஏறக்குறைய 115 கிலோமீட்டர். ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று அங்கே பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில் முதல் நாளே அரைக் கிலோ மைசூர்பா வாங்கி வைத்திருந்தேன். உளவு பார்க்கப் போகிறவளுக்கும் மரியாதை உண்டு.

8.20க்கு மரக்காணம். பஸ் நிறுத்தத்தில் ஆட்டோ பேசினேன். உப்பளத்தில் காத்திருந்து, பிறகு கூனிமேட்டில் இறக்கிவிட 500 ரூபாய். ஓட்டுநர் பேச்சுக்காரர்.

"உப்பளம் போட்டோ எடுக்கவா மேடம்?"

"ஆமாங்க. அப்பறம் கூனிமேட்டுல ஹாக்கி ஆடுற ஒரு பொண்ணு வீடு..."

"நஸ்ரீன் வீடா? இன்னா மேடம், அந்த வீட்ல எதுனா விசேஷமா? இந்த வாரம் மட்டும் நானே மூணு பொண்ணுங்கள எறக்கி வுட்டேன். எல்லாம் உங்கள மாதிரி ஒசரமா, ஷூ போட்டுனு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆக, ஒருத்தி இல்லை. கிளப்புக்கு ஆள் தேர்வே நடக்கிறது, எனக்குச் சொல்லாமல்! யார் யார் என்று கேட்டேன். "பேரெல்லாம் யாருக்கு மேடம் தெரியும்" என்றார். வழியெல்லாம் மனசுக்குள் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி வைத்துத் திட்டிக்கொண்டே போனேன்.

உப்பளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்காகத்தானே பாதிப் பேர் படிக்கிறீர்கள். சாலையின் ஓரத்திலேயே பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் வெள்ளைக் குவியல்கள். விடியும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறார்கள். நான் போனபோது பெண்கள் கூடையில் உப்பைத் தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கே கண்ணைத் திறக்க முடியவில்லை. வெயில் மேலேயிருந்து ஒரு தடவை, தரையிலிருந்து ஒரு தடவை அடிக்கிறது.

கொஞ்சம் தள்ளி, இந்த வருஷம் தண்ணீர் விடாத ஒரு பாத்தி. மிதித்து மிதித்துக் கெட்டிப்பட்ட தரை, எங்கள் மைதானத்தைவிடச் சமமாக இருந்தது. அங்கே காலில் பேட் கட்டிக்கொண்டு நஸ்ரீன். எதிரே உண்மையாகவே ஒரு வெள்ளைக்காரர், அரைக்கால் சட்டை, நரைத்த தாடி. அவர் அடிக்க அடிக்க இவள் தடுத்தாள். நான் ஓர் உப்புக் குவியலுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.

"யம்மா, உப்பு மேல சாயாத, பேன்ட்டெல்லாம் அரிக்கும்" என்று கூடையோடு போன ஓர் அம்மா சத்தம் போட்டார். "ஒளிஞ்சினு யாரப் பாக்கற? அந்தப் பொண்ணையா? நேரா போய்ப் பேசேன், அது ஒண்ணும் கடிக்காது."

மானம் போயிற்று. நல்லவேளை, நஸ்ரீன் திரும்பவில்லை. அவள் இங்கே இருக்கும்போதே வீட்டுக்குப் போய் என் பாஸ்போர்ட்டை வாங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆட்டோவுக்கு ஓடினேன்.

கூனிமேடு அங்கிருந்து தெற்கே பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். நஸ்ரீனின் அம்மா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். உட்கார்ந்ததும் என் கண் ஃபிரிட்ஜ் மேலே போனது. ஸ்வீட் பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. இந்தப் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொள்வார்கள். சொந்தக்காரர்களும் இனிப்போடு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சரிதான், எல்லாம் முடிந்துவிட்டது, அவள் கிளம்பப் போகிறாள் என்று நினைத்தேன். அப்போதுதான் பெட்டியில் இருந்த கடைப் பேரைப் பார்த்தேன். என் மடியில் இருந்த பெட்டியிலும் அதே பேர்.

"அக்கா கல்யாணத்துக்கு பேங்க்ல லோன் கேட்டிருக்கோம். பாஸ்போர்ட் வேணுமாம்..." என்று ஆரம்பித்தேன். எனக்கு அக்காவே கிடையாது.

அவர் கடைசிவரை கேட்கக்கூட இல்லை. எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, துபாய்ப் பால்பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"உன்னோடத எடுத்துக்கம்மா. தூரமா போற?"

எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கிளம்புகிறவர்களை அப்படிக் கேட்டால் காரியம் ஆகாது என்று எங்கள் வீட்டிலும் தூரமா என்றுதான் கேட்பார்கள். நான் டப்பாவுக்குள் பார்த்தேன். இரண்டே இரண்டு பாஸ்போர்ட். மற்றதெல்லாம் எங்கே?

"எல்லாரும் வந்து வாங்கினு போயிட்டாங்க. ஒருத்திக்கு தங்கச்சி கல்யாணம், ஒருத்திக்கு வீட்டு லோன். நஸ்ரீன்கிட்ட சொல்லாதீங்கன்னாங்க. நான் சொல்லல."

"ஏம்மா குடுத்தீங்க?" என்று கத்தியே விட்டேன். "யார் கேட்டாலும் தரக்கூடாதுன்னுதானே உங்ககிட்ட குடுத்தோம்!"

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நஸ்ரீன் அத்தா மௌத்தானப்ப எம்புள்ளைய வரச் சொன்னோம். அவன் பாஸ்போர்ட் அர்பாப்கிட்ட இருந்திச்சு. கால்ல விழுந்தும் அந்த மொதலாளி தரல. அத்தாவுக்கு மண்ணு போடக்கூட எம்புள்ள வரல. இன்னொருத்தர் பாஸ்போர்ட்ட வெச்சினு தரமாட்டேன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்? அது அந்த அர்பாப் செய்யற வேலை."

பாஸ்போர்ட்டின் அருமை தெரிந்த வீடு என்று நஸ்ரீன் சொன்னது நிஜம்தான். அருமை தெரிந்ததால்தான் இந்த வீட்டில் எதுவும் தங்கவில்லை. கேட்டால் மறுக்க முடியாத ஒரே ஆளிடம் போய்க் காவலுக்குக் கொடுத்திருக்கிறோம்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். நஸ்ரீனும் அந்த வெள்ளைக்காரரும். என்னைப் பார்த்ததும் அவள் டப்பாவைத்தான் பார்த்தாள்.

"நீயுமாடி?"

"நான் இருக்கட்டும், இவர் எந்த கிளப்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். விடுவேனா?

"எந்த கிளப்பும் இல்ல. நான் ரொட்டி சுடுறேன்" என்றார் அவர், அழகான தமிழில். ஆரோவில் பக்கம் இடையஞ்சாவடியில் அடுப்பு வைத்திருக்கிறாராம். சின்ன வயசில் ஆடியவர், பந்தடிக்க ஆள் இல்லாமல் இவள் தவித்ததைப் பார்த்து, தினமும் வந்து அடித்துக் கொடுக்கிறார். நம்பாமல் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கில் மாவு காய்ந்திருந்தது.

"எனக்கும் ஒரு கிளப்புல கீப்பர் கேட்டாங்க. வேணாம்னுட்டேன்" என்றாள் நஸ்ரீன். "என்னோடதும் அந்த டப்பாலதான் கெடக்குது."

சத்தியமாகச் சொல்கிறேன், அதையும் பிரித்துப் படத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

"அடிப்பாவி, எல்லாரும் எடுத்துட்டாங்க, உனக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? ஸ்வீட் டப்பா சொல்லுதே! எங்கம்மாவுக்கு சுகரு, யாருடி இவ்ளோ மைசூர்பா தின்னுவா? எடுத்தாங்க, சரி. யாருனா பிளைட் ஏறினாங்களா? உன்னப் பாத்து அவ பயந்து எடுத்தா. அவளப் பாத்து நீ பயந்து வந்திருக்க. மொதலாளிங்களுக்கு இத விட இன்னா வேணும்?"

வெள்ளைக்காரர் கொண்டுவந்திருந்த ரொட்டியோடு டீ குடித்தோம். கெட்டியான ரொட்டி, ஆனால் நன்றாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். உப்பளத்துக்கு ஜனவரி கடைசியிலிருந்து மழை வருவதற்குள் போங்கள். காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள். கேட்காமல் வரப்பில் ஏறக் கூடாது. செருப்பு மண் பட்டால் உப்பு கெடும். வேலை செய்கிறவர்களைப் படம் எடுப்பதென்றால் முதலில் பேசுங்கள். கூனிமேட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸைக் கைகாட்டித்தான் நிறுத்த வேண்டும், எல்லாப் பஸ்ஸும் நிற்காது. எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. யார் வீட்டுக்காவது போவதாக இருந்தால் மைசூர்பா வேண்டாம், பழம் வாங்குங்கள்.

திங்கட்கிழமை வந்து போய்விட்டது. அந்த ஐரோப்பா கிளப்புக்கு நான் எழுதவில்லை. செவ்வாய் காலை அணிக்கூட்டம் வீடியோவில் நடந்தது. எல்லோரும் இருந்தார்கள், ஒருத்தியும் போகவில்லை. "பாஸ்போர்ட்டெல்லாம் பத்திரமா இருக்குதுல்ல?" என்று ஒருத்தி நஸ்ரீனிடம் கேட்டாள். "பத்திரமா இருக்குது" என்றாள் நஸ்ரீன். எல்லோரும் திரையை விட்டுக் கண்ணைத் திருப்பினார்கள். மைதானத்துப் பூட்டு இன்னும் திறக்கவில்லை. இவர்களை நான் முழுசாக நம்பவும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை கிளம்பும்போது என் பாஸ்போர்ட்டைத் திரும்ப அந்த டப்பாவிலேயே போட்டு, நஸ்ரீனின் அம்மா கையில் கொடுத்தேன். "இனிமே நானே வந்து கேட்டாலும் தராதீங்கம்மா" என்றேன்.

அவர் மூடியை அழுத்தி மூடினார்.

"கேட்டா குடுத்துடுவேம்மா. அது உன்னோடது. அதான் சொல்றேன், கேக்காத."