பெல்ற் இல்லாத மெசினுக்கு ஒரு பெல்ற்

எங்கள் மெசின் உதிரிச்சாமான் கடைக்கு வருகிற ஆண்கள் சித்தியின் முன்னால் நின்று வாயால் மெசின் சத்தம் போடுவார்கள். பேரப்பிள்ளை கண்ட மனிதர்கள்கூட மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, 'டுக்கு டுக்கு டுக்கு' என்று தொடங்கி, இடையில் இருமி, கடைசியில் மூச்சை விட்டு நிறுத்துவார்கள். சித்தி சிரிக்க மாட்டார். தலையைச் சற்றுச் சரித்துக் கேட்டுவிட்டு, இன்னொருக்கால் செய்து காட்டச் சொல்வார். பிறகு எழும்பிப் போய், பழைய பால்மா ரின் ஒன்றுக்குள் கையை விட்டு, வேண்டிய சாமானை எடுத்து மேசையில் வைப்பார். அனேகமாக அது சரியாகவே இருக்கும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சண்டையால் வன்னிக்கு வருகிற பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து துணுக்காயில் இருந்தோம். வன்னிக்குள் ஒரு வாஷர்கூடப் புதிதாக வராது. அப்பா சைக்கிளில் ஊர் ஊராகப் போய் உடைந்த மெசின்களை வாங்கி வருவார். சித்தி அவற்றைக் கழற்றி, எதன் சாமான் எதற்குப் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பார். வயலில் நிற்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு வர முடியாதவர்கள் சத்தத்தையாவது கொண்டுவர வேண்டும் என்பது அப்போது வந்த வழக்கம்.

சமாதானம் வந்து பாதை திறந்ததும் கிளிநொச்சிக்குத் திரும்பி, றோட்டோரம் தகரம் அடித்துக் கடையைப் போட்டோம். கொஞ்ச நாளில் எங்களுக்கு எதிரே இன்னொரு கடை வந்தது. கண்ணாடி அலுமாரி, பெட்டி பெட்டியாகப் புதுச் சாமான், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு இலக்கம். அங்கே யாரும் சத்தம் போடத் தேவையில்லை. இலக்கத்தைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பிழையான இலக்கத்தைச் சொன்னால் பிழையானதை எடுத்துத் தருவார்கள். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக றோட்டைக் கடந்தார்கள். சிலர் எங்கள் பக்கம் பாராமல் குனிந்துகொண்டு கடந்தார்கள். அவர்கள்மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம்.

கடக்காமல் இருந்தவர் அக்கராயன் என்ற ஊரிலிருந்து வருகிற ஒரு இளந்தாரி, எங்களுக்கு அக்கராயன்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். குளத்துக்குக் கீழே வயல், மேட்டில் மிளகாய்த் தோட்டம். அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின்தான் அவருக்குக் கரைச்சல். வன்னியிலேயே இவ்வளவு வருத்தக்கார, அடிக்கடி படுத்துவிடுகிற மெசின் வேறில்லை என்று நான் நம்பியிருந்தேன். அவர் சத்தம் போடுவதும் ஒரு மாதிரி. வேறு ஆட்கள் போகும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு, காது சிவக்க, மெல்லத் தொடங்குவார். நல்லாக ஓடும், பிறகு தும்மும், பிறகு நிற்கும்.

சித்தி முதலில் பிளக் ஒன்றைக் கொடுத்தார். சரிவரவில்லை என்று வந்தார். ரிங் கொடுத்தார். அதுவும் சரிவரவில்லை. பிறகு ஒருநாள் சித்தி அவருக்கு ஒரு பெல்ற் கொடுத்தார்.

அந்த மெசினுக்குப் பெல்ற்றே கிடையாது. எஞ்சினும் பம்பும் ஒன்றோடொன்று பொருத்தி வருகிற சாதி. எனக்கே தெரிந்த சங்கதி அது, தினமும் அதை இழுத்து ஸ்ராட் பண்ணுகிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவரோ பெல்ற்றை மறுபேச்சில்லாமல் வாங்கிச் சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு, விசிலடித்தபடி போனார்.

அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று அப்பா கடையில் நின்றார். பெல்ற்றைக் கையில் வாங்கி, அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்தார். சித்தியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம்தான் சொல்லிக் கவலைப்பட்டார். பிள்ளைக்கு, சித்தியை அவர் அப்படித்தான் சொல்வார், முந்தி மாதிரி ஓடவில்லை, உடம்பும் மூளையும் களைத்துப்போய்விட்டன, இருக்கிற ஆட்களும் போய்விடப் போகிறார்கள் என்றார். வவுனியாவில் கடையில் நின்று பழகிய ஒருவரைப் பிடித்து மேசையில் இருத்துவது, சித்தியைத் தையல் வகுப்புக்கு அனுப்புவது என்று பேச்சு முடிந்தது. சித்திக்கும் அது காதில் விழுந்தது. அவர் ரின்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சித்தி இல்லாத மேசையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எப்படியாவது அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் குசினிக்குப் போனேன். சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்று, அக்கராயன்காரரின் சத்தத்தை அச்சொட்டாகப் போட்டேன், தும்மலும் சேர்த்து.

சித்தி நிமிரவே இல்லை. "காபரேற்றர் ஊசி தேஞ்சுபோச்சு" என்றார். "மாத்தினால் ஒரு கரைச்சலும் இல்லை."

எனக்கு அது போதும். மத்தியானம் எல்லாரும் சாப்பிட இருந்தபோது வழக்கை எடுத்தேன். "சித்தி ஒண்டையும் மறக்கேல்லை அப்பா. ஊசிதான் பிழை எண்டு அவாவுக்கு வடிவாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பெல்ற் குடுத்தவா."

அப்பாவின் கை சோற்றில் நின்றுவிட்டது. அம்மா சித்தியைப் பார்த்தார். சித்தி தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். அப்பா நல்ல மனிதர், ஆனால் எதுவும் அவருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும்.

"தெரிஞ்சுகொண்டே ஏன் பிள்ளை பெல்ற் குடுத்தனீ?" என்றார்.

"நீங்கள் பேசாமல் சாப்பிடுங்கோ" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சலவை வேட்டியும் அம்மா கோயில் சேலையுமாக, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அக்கராயனுக்குப் புறப்பட்டார்கள். கடையின் பெயர் கெடாமல் மன்னிப்புக் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கிற்று. மறந்துவிடக் கூடாதென்று ரின்னுக்குள் தேடி ஊசியை எடுத்து, கடதாசியில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா என்னை ஒருவிதமாகப் பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பின்னேரம் இருவரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். சட்டையைத் தோய்க்கப் போட்டபோது ஊசி அப்படியே பையில் கிடந்தது. போன காரியத்தை விட்டுவிட்டு வாழைப்பழம் கொடுத்து வந்திருக்கிறார்களே என்று எனக்கு அழுகை வந்தது.

சித்தி கலியாணமாகி அக்கராயனுக்குப் போன பிறகு அப்பாதான் மேசையில் இருந்தார். சத்தம் போட்டவர்களிடம் இலக்கம் கேட்டார். அவர்களும் இலக்கத்தோடு வரப் பழகினார்கள். வருடம் முடிய எங்கள் கடையும் எதிர்க்கடையும் ஒன்றுபோலவே ஆகிவிட்டன. கேட்டதை எடுத்துக் கொடுத்தோம். கேட்க வேண்டியது அதுவல்ல என்று சொல்ல ஆளில்லை. எதிர்க்கடைதான் எங்களைக் கெடுத்தது என்று அப்பா கனகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வந்த சண்டையில் இரண்டு கடையும் இல்லாமல் போயின. சித்தியும் அக்கராயன்காரரும் தப்பி வந்தார்கள். அதற்கு நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

கலியாணம் முடிந்து புறப்படுகிற நேரம் சித்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கொடுத்த பிழைச் சாமான்களை நினைத்துத்தான் அழுகிறார், போகிற இடத்திலும் அப்படி நடந்துவிடும் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். அவருக்குக் கேட்டால் சித்திக்கு வெட்கமாக இருக்கும் என்று காதோடு காதாக ஆறுதல் சொன்னேன்.

"பயப்பிடாதேங்கோ சித்தி. அங்கை ஒரு மெசின்தானே. இனிப் பிழை வராது."

சித்தி அழுகையை விட்டுச் சிரிக்கத் தொடங்கினார். வாகனத்துக்குள் ஏறிய பிறகும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சொன்ன புத்தி அவருக்குப் பிடித்துக்கொண்டது என்ற பெருமையில், வாகனம் மறையும்வரை கையைக் காட்டிக்கொண்டு நின்றேன்.