நான் வாசிக்காமல் விட்ட பத்தி

என் மகளை ஓர் ஆஸ்திரேலியப் பையனுக்குக் கட்டிக்கொடுத்தேன். கட்டிக்கொடுத்தேன் என்பதெல்லாம் என் வீறாப்பு. அவர்களாகவே முடிவு செய்துவிட்டு எனக்குத் தகவல் சொன்னார்கள். திருநெல்வேலியில் இருக்கும் என் அண்ணன் ஃபோனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பையன் தங்கமாவே இருக்கட்டும்மா. எந்த ஊரு, என்ன குடும்பம், ஒண்ணையும் விசாரிக்காம எப்படிச் சம்மதிச்ச?" எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் ஒரு வரன் வந்தால் பால்காரர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் தட்டு மாற்றுவோம். மெல்பர்னில் யாரிடம் போய் விசாரிப்பது?

அதனால்தான், பையனின் அம்மா தன் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் நான் விழுந்தடித்துக்கொண்டு உதவப் போனேன். அன்புக்காகப் போனேன் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். அண்ணனிடம் சொல்ல நாலு நல்ல வார்த்தை கிடைக்குமே என்பதுதான் நிஜம்.

அவர் கணவரை இழந்தவர், ஓய்வு பெற்ற நர்ஸ். மெல்பர்னின் ஓரத்தில், த பேசின் என்ற மலையடிவார ஊரில் தனியாக இருக்கிறார். நான் இருக்கும் கிளேட்டனிலிருந்து மாதம் ஒருமுறை அங்குள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போவேன். போய்விட்டு, டப்பாவில் சுண்டலோடு அவர் வீட்டுக்கும் போவேன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. "சம்பந்தி" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவருக்கும் அது பிடித்துப்போய், வாழ்த்து அட்டைகளில்கூட ஆங்கில எழுத்தில் அப்படியே கையெழுத்துப் போடுவார். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில்தான். இங்கே என் தமிழில் சொல்கிறேன்.

அவர் தேடியது ஒரே ஒரு பெண்ணை. அவருடைய கொள்ளுப்பாட்டியின் தாய். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது அநாதை விடுதியிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவள். நான் மனதுக்குள் அவளுக்குக் கப்பல்காரி என்று பெயர் வைத்திருந்தேன். இறங்கிய பிறகு அவள் என்ன ஆனாள் என்பது குடும்பத்துக்குத் தெரியும். ஏறுவதற்கு முன் யார் என்பதுதான் தெரியாது. "அங்கே எங்களுடைய ஆட்கள் ஒருவராவது மிச்சம் இருக்கிறார்களா? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்" என்பார். அவருக்கு அவசரமும் இருந்தது. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மறு கண்ணில் முகம் தெரியும், பொடி எழுத்து தெரியாது. அதுவும் மங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் எந்த ஊர் என்பது மட்டும் கப்பல் பதிவேட்டில் இருந்தது. அந்த ஊர்ச் சர்ச் பங்கைச் சேர்ந்த குடும்பங்களைப் பற்றி அவ்வூர் வாத்தியார் ஒருவர் எழுதி, தன் செலவில் கொஞ்சம் பிரதிகள் அச்சடித்த புத்தகம் ஒன்று இருப்பதாக எங்கோ ஓர் அடிக்குறிப்பு சொன்னது. அதைத் தேடியதில் இரண்டு வருடம் போயிற்று. இணையத்தில் இல்லை. பழைய புத்தகக் கடைக்காரர்கள் இல்லை என்று எழுதினார்கள். கடைசியில் சிட்னியில், லிட்கம் பக்கம், தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் அறையில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் நடத்தும் சிறு நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது. முதுகு விட்டுப்போன புத்தகம். வெளியே கொடுக்க மாட்டார்கள், நகலெடுக்கக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. உட்கார்ந்து வாசிக்கலாம், பென்சிலால் குறிப்பெடுக்கலாம். இருவரும் விமானம் ஏறிப் போனோம். வாசிப்பது நான், கேட்பது அவர் என்று ஏற்பாடு.

அறையில் எங்களைத் தவிர, பொறுப்பாளரான ஒரு பெரியவர் மட்டும்தான். சம்பந்தி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் கோத்து, சர்ச்சில் உட்கார்வதைப்போல உட்கார்ந்தார். பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அப்பா பெயர், நிலம், பஞ்சத்தில் யார் யார் செத்தார்கள் என்று வாசித்துக்கொண்டே வந்தேன். அடுத்த பத்திக்குக் கண் ஓடியது. நாக்கு நின்றுவிட்டது.

கப்பல்காரிக்குப் பதினாறு வயதில், கல்யாணமாகாமலே, ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அது தெரிந்தால் கப்பலில் சேர்க்க மாட்டார்கள் என்று மறைத்து, குழந்தையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து அக்காவுக்கு வருடக்கணக்காகக் கடிதம் எழுதி, பிள்ளை எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள் என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் வாரிசுகள் இன்னும் அதே ஊரில், அதே நிலத்தில் இருக்கிறார்கள் என்று வாத்தியார் எழுதியிருந்தார்.

எனக்கு அந்த நொடியில் தெரிந்தது அண்ணனின் முகம்தான். பேத்தி பிறந்தால் இந்த ரத்தம்தானே என்று ஊரில் யார் யார் வாயில் விழுவேன் என்று கணக்குப் போட்டேன். சம்பந்திக்கும் இது அவமானம்தானே, வயதான காலத்தில் எதற்கு என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். "அப்புறம்?" என்றார் அவர். "அப்புறம் கப்பலேறினாள் என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான்" என்றேன். பென்சிலால் அதையே எழுதியும் கொடுத்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் கழித்துப் பொய் சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அண்ணனிடம், "பாரம்பரியமான விவசாயக் குடும்பம்ணே, புத்தகத்துலயே போட்டிருக்கு" என்றேன். அவர் "அப்படிச் சொல்லு" என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது. அதை நினைத்தால்தான் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த கோடையில் சம்பந்தி மகனைக் கூட்டிக்கொண்டு அயர்லாந்து புறப்பட்டார். கண் இருக்கும்போதே அந்த மண்ணையாவது பார்த்துவிடுகிறேன் என்றார். வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும், ஜாக்கிரதை, அங்கே குளிரும் என்றுதான் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். எனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தாராம். "ஒருவரும் இல்லை, சம்பந்தி. நான் வந்திருக்கிறேன் என்று சொல்லக்கூட ஓர் ஆள் இல்லை" என்றார். சால்வையை என் தோளில் அவரே போர்த்திவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க அது அலமாரியில்தான் கிடந்தது. என்னால் எடுத்துப் போட முடியவில்லை.

அதற்குள் மறு கண்ணும் மங்கிவிட்டது. எதிரில் நிற்பவரின் காதும் தோளும் தெரியும், முகம் மட்டும் தெரியாது. ஒருநாள் கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டபோது, பிள்ளையாரிடம் என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் சிட்னிக்குப் போனேன். அதே மேசையில் உட்கார்ந்து, அந்தப் பக்கங்களை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டு வந்தேன்.

அவர் வீட்டுச் சமையலறையில் அதை வாசித்தேன். முடித்ததும் அவர் கேட்டார்: "அன்றைக்கும் இது அந்தப் பக்கத்தில் இருந்ததா?"

"இருந்தது. உங்களுக்கு அவமானமாக இருக்கும் என்று..." பாதியில் நிறுத்தினேன். "இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் ஊரில் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். என்னை மன்னியுங்கள்."

அவர் மேசைமேலிருந்த தாள்களைத் தடவினார். "பதினாறு வயது," என்றார் பிறகு. "பாவம், அந்தப் பெண். இது தெரிந்திருந்தால் நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேனே." அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

என் மருமகன் இரண்டே நாளில் அவர்களைக் கண்டுபிடித்துவிட்டான். அவர்கள் வீடு அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு எதிர்ச் சாலையில்தான் இருக்கிறதாம். வீடியோவில் கூப்பிட்டார்கள். பெரியவர்கள், குழந்தைகள் என்று ஒரு கூட்டமே நெருக்கியடித்துக்கொண்டு திரைக்குள் நின்றது. ஒரு பெண்மணிக்கு அச்சு அசலாகச் சம்பந்தியின் மோவாய். "யார் மாதிரி இருக்கிறார்கள்?" என்று சம்பந்தி கேட்டார். என் மகள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் திரைப்பக்கம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு முன்பு அவருக்கு அந்த முகங்கள் தெரிந்திருக்கும். அவற்றை மறைத்த நானோ அதே அறையில் அவர்களுக்குக் கை அசைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அட, நம்ம குடும்பத்துல இல்லாத கதையா" என்று சிரித்துவிட்டார் மனிதர். இதற்காகவா நான் இத்தனையும் செய்தேன்!

போன மாதம் கோயிலுக்குப் போய்விட்டுச் சுண்டலோடு அவர் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் அயர்லாந்திலிருந்து வந்த தடித்த உறை இருந்தது. கப்பல்காரி அக்காவுக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள். காலையில்தான் வந்தது என்று பூரித்துப்போய்ச் சொன்னார். நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "கொடுங்கள் சம்பந்தி, வாசிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

அவர் உறையைத் தடவி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை. முகத்தில் அதே கனிவுதான்.

"பரவாயில்லை," என்றார். "சாயங்காலம் மகன் வருவான். அவன் வாசிக்கட்டும்."